கோடை காணாத கிணறு

1. கதைக்கப் போகிறவர்

பாராளுமன்ற லொபிக்குள் நான் முதன்முதலாகக் கால் வைக்கப் போன அன்று, வாசலில் நின்ற சேவகர் என்னை மேசன் என்று நினைத்துப் பின்பக்கத்தால் வரச் சொன்னார். கூரை ஒழுக்குப் பார்க்க அன்றைக்கு யாரோ வருவதாக இருந்ததாம். கையிலே வீட்டு பிளான் சுருளும் சப்பாத்திலே வவுனியாச் செம்மண்ணுமாக நின்றவனை அவர் வேறு என்னவென்று நினைப்பார்? நானும் வாயைத் திறக்காமல் பின்பக்கத்தால் போனேன். உள்ளே போனதும் அகப்பட்ட முதல் எம்.பி.யைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே ஒரு வேலை முடிந்தது.

அது ஐம்பதுகளின் கடைசி. வன்னியிலே காடு வெட்டி, குளம் திருத்தி, யாழ்ப்பாணத்துச் சனத்தைக் கொண்டுவந்து குடியேற்றிக்கொண்டிருந்த காலம். அந்தக் குடியேற்ற வீடுகளைக் கட்டிக்கொடுத்த குத்தகைகாரர், செங்கல் சூளைக்காரர், மரம் விற்கும் மரக்காலை முதலாளிமார் எல்லோரும் சேர்ந்து வவுனியாவில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நான் அதற்குச் சம்பளச் செக்கிரட்டறி. வீடு கட்டுவது பற்றி ஏதாவது சட்டம் வரப்போகிறதென்றால், கொழும்புக்கு ரெயில் ஏறி, எம்.பி.மாரைக் கண்டு, எங்களுக்கு ஒத்துவராத பிரிவை எடுப்பித்துவிட்டு வருவது என் வேலை. இங்கிலீசில் இதற்கு ‘லொபியிங்’ என்று மரியாதையான பெயர் உண்டு. ஊரில் என்னை ‘கொழும்புக்குக் கதைக்கப் போறவர்’ என்றார்கள். அதுதான் சரியான பெயர்.

தொழிலில் நான் கெட்டிக்காரன். தன்னடக்கம் எல்லாம் இந்த வயதில் எதற்கு? எம்.பி.மாரை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் பிடிக்க வேண்டும், சாப்பிட்ட பின் நித்திரை வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுத்தால் வாசிக்க மாட்டார்கள். ‘எங்கள் தொழில்’ என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. ‘வீடில்லாத ஏழைச் சனம்’ என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டினேன்.

2. பதினோராம் பிரிவு

ஒரு வருடம் குடியேற்ற வீடுகள் பற்றி ஒரு சட்டமூலம் வந்தது. அதில் பதினோராம் பிரிவு எங்கள் பிழைப்பிலேயே கை வைத்தது. ஒரு வளவில் கிணறு வெட்டி, அந்தக் கிணறு ஒரு முழுக் கோடையைத் தாண்டிய பிறகும் தண்ணீரோடு நிற்கிறது என்று உறுதியானால்தான் அங்கே வீட்டுக்கு அத்திவாரம் போடலாம் என்று அது சொன்னது.

வீடு கட்டாதவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று விளங்காது. வன்னியில் கல் அறுத்துச் சூளை வைப்பதும் சுவர் எழுப்புவதும் கோடையில்தான். மாரி தொடங்கினால் வண்டில் போகவே பாதை இராது. கிணற்றுக்கு ஒரு கோடை, வீட்டுக்கு அடுத்த கோடை என்றால், மேசன்மாரும் சூளைக்காரரும் ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

சங்கத் தலைவர் ஹனிபா முதலாளி, வவுனியாவில் பெரிய மரக்காலை வைத்திருந்தவர், என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

“தம்பி, மத்தப் பிரிவெல்லாம் இருக்கட்டும். இந்தப் பதினொண்டு மட்டும் போகணும். நீங்க கதைச்சா போகும்.”

இந்தப் பிரிவை எழுத வைத்தவர் யாரென்று விசாரித்தேன். புளியங்குளத்தில் இருந்த கந்தப்பு என்ற பென்சன் ஓவசியர். குளக்கட்டு வேலைகளில் முப்பது வருடம் நின்றவர். சட்டமூலத்தைப் பார்க்கிற குழுவுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். எதிராளியை நேரில் பார்ப்பது என் பழக்கம். சைக்கிளில் போனேன்.

“கல்லும் சீமெந்தும் பேந்து வைக்கலாம் தம்பி,” என்றார். “முதல் கிணறு ஒரு சோளகம் காணட்டும். புதுக் கிணறு மாரியிலை எல்லாரையும் ஏமாத்தும். கோடைச் சோளகக் காத்து மூண்டு மாதம் அடிச்ச பிறகுதான் அதின்ரை சுயரூபம் தெரியும்.”

“ஒரு வருசம் சனம் கொட்டிலிலை கிடக்கிறதோ ஐயா?”

“கிடக்கட்டும். முந்தி ஒரு இடத்திலை நான் அவசரப்பட்டுச் சனத்தை இருத்தினனான். கிணறெல்லாம் வத்திப் போச்சு. மனிசி ஒண்டு மத்தியானம் தனிய இறங்கி ஊத்துச் சுரண்டினது, ஒரு செம்பு தண்ணிக்கு. பக்கம் இடிஞ்சு விழுந்திட்டுது. மூண்டு நாள் தோண்டினனாங்கள். எடுக்கேல்லை.”

“எந்த இடத்திலை?”

“அதை ஏன் கேக்கிறீர்? இடத்துக்குப் பேர் கெட்டுப்போகும். பேந்து ஒருத்தரும் குடியிருக்க வராயினம்.”

கிழவருக்கு மனச்சாட்சி உறுத்துகிறது, அதற்கு நாங்கள் ஒரு வருடம் பட்டினி கிடப்பதா என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

3. பன்னிரண்டு கிணறுகள்

குழுவிலிருந்து மூன்று எம்.பி.மார் ஆவணி மாதம் நேரில் பார்க்க வருவதாக அறிவித்தார்கள். நல்ல கோடையில், புதுக் கிணறுகளில் தண்ணீர் நிற்பதை அவர்கள் கண்ணால் கண்டால் பதினோராம் பிரிவு தானாக விழுந்துவிடும். புளியங்குளத்துக்குக் கிழக்கே காட்டுக்குள் எங்கள் சங்கத்துக் குத்தகைகாரர் ஒருவர் பன்னிரண்டு வீடு கட்டி முடித்திருந்தார். அழகான வீடுகள், ஓடு போட்டு, வெள்ளை அடித்து, ஒரே வரிசையாக நின்றன. வீட்டுக்கு ஒரு கிணறு. கிணறுகளைப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டிலும் அடி வெடித்துக் கிடந்தது.

பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றலாம் என்று சொன்னது நான். இதை ஹனிபா முதலாளியின் தலையில் போட மாட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “ஒரு பகலுக்குத் தாங்குமா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அடி களிமண், ஒரு பகலுக்குத் தாங்கும் என்றேன். ஒவ்வொன்றிலும் அடி தெரியாத அளவுக்கு நின்றால் போதும். குளத்திலிருந்து தண்ணீர் ஏற்ற யோசப்பு என்ற பவுசர்காரரைப் பிடித்தோம். நாயாற்றுப் பக்கத்து ஆள், வாய் அதிகம் திறக்காதவர்.

வீடுகள் இன்னும் கையளிக்கப்படவில்லை. ஆனால் குடும்பங்கள் வந்து பக்கத்தில் கொட்டில் போட்டுக் காத்திருந்தன. ஏழாம் வீடு வேலாயுதம் என்பவருக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அவருடைய மனைவி மகேஸ்வரி, எம்.பி.மார் வருவதற்கு முதல் நாள் பவுசர் வந்து நின்றதைக் கண்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, பவுசரிலை என்ன கொண்டு வாறியள்?”

“கிணறு கழுவத் தண்ணி அக்கா.”

“கழுவினாப் பிறகு ஊறுமோ? நாங்கள் தீவிலை உப்புத் தண்ணியோடை மாரடிச்ச ஆக்கள். இங்கை நல்ல தண்ணி எண்டு சொல்லித்தான் இவர் இருந்த காணியையும் வித்துப்போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர். சரிவராட்டில் திரும்பிப் போக எங்களுக்கு இடமில்லை.”

“ஓம் அக்கா, ஊறும். நிச்சயமாய் ஊறும்.”

கொழும்பில் பெரிய பெரிய ஆட்களிடம் எத்தனையோ ‘ஓம்’ சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். மகேஸ்வரி முழுதையும் எடுத்துக்கொண்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

4. ஏழாம் வீட்டுத் தண்ணீர்

எம்.பி.மார் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. குழுத் தலைவர் ஒரு டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் லேசில் நம்பாத மனிதர். மற்ற இருவரும் காரை விட்டு இறங்கியதும் நிழல் தேடினார்கள். முதலாம் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டிருந்தோம். மகேஸ்வரியும் மற்றப் பெண்களும் அந்த வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் வரிசையாக முற்றத்தில் நின்றார்கள்.

மற்ற இரண்டு எம்.பி.மாருக்கும் நான் முதலாம், இரண்டாம் கிணறுகளைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது டொக்டரைக் காணவில்லை. தனியாக நடந்துவிட்டார். வரிசையின் நடுப்பக்கத்தில் எங்கோ கப்பி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. வாளி ஏறிவருகிற சத்தம். அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்க வேண்டுமென்று நான் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

டொக்டர் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நல்ல தண்ணி. பல்லுக் கூசுற குளிர்.”

“எந்தக் கிணறு ஐயா?”

“ஏழு. அந்தப் பிள்ளை ஒரு கதையும் கதைக்கேல்லை. அள்ளி வாத்துப்போட்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டுது. பாவம், உடுப்பெல்லாம் ஒரே களிமண். அதுகளுக்கு நல்லாய்ச் செய்யுங்கோ.”

குளிர் என்று அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் இடறியது. ஆவணி வெயிலில் பவுசருக்குள் கிடந்த குளத்துத் தண்ணீர், வாயில் வைத்தால் வெந்நீர். தாகத்தில் குடித்த மனிதருக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கார் புறப்பட்டுப் புழுதி அடங்கிய பிறகு யோசப்பு நடந்து வந்தார். சட்டை முழுக்க மண்.

“ஐயா கோவிக்கக் கூடாது. வரிசையின்ரை ரெண்டு அந்தத்தாலையும் நிரப்பிக்கொண்டு வந்து ஏழாம் கிணத்தைக் கடைசிக்கு வைச்சனான். கடைசி நடையிலை பவுசர் மணலுக்கை புதைஞ்சு போச்சு. ஏழாம் கிணத்துக்கு ஒரு சொட்டும் விடேல்லை.”

நான் அவரோடு ஏழாம் வீட்டுக்குப் பின்னால் போனேன். எம்.பி.மாருக்கென்று நாங்கள் கொண்டுவந்த சங்கத்துப் பித்தளைச் செம்பு கிணற்றுக் கட்டின் மேல் ஈரத்தோடு இருந்தது. எட்டிப் பார்த்தேன். அடி வெடித்து, காய்ந்து, வெள்ளையாகக் கிடந்தது. ஒரு காய்ந்த இலைகூட நனைந்திருக்கவில்லை. யோசப்பு சிலுவைக் குறி போட்டார். நான் முதலாம் வீட்டுக்கு வந்து, டொக்டருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது யார் என்று பெண்களைக் கேட்டேன். தாங்கள் ஒருவரும் குசினியை விட்டு வெளியே போகவில்லை என்றார்கள்.

அடுத்த மாதம் சட்டமூலம் விவாதத்துக்கு வந்தது. டொக்டர் எழுந்து, தானே போய்த் தானே குடித்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது? பதினோராம் பிரிவு போய்விட்டது. சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். நானும் கழுத்தை நீட்டினேன்.

5. அடுத்த சோளகம்

மாரியில் பன்னிரண்டு கிணறும் கைக்கெட்டும் அளவுக்கு நிறைந்தன. ஓவசியரை எல்லோரும் பகிடி பண்ணினோம். சித்திரை தாண்டி, சோளகம் அடிக்கத் தொடங்கி, ஆடியில் ஒருநாள் வேலாயுதம் எங்கள் சங்கக் கந்தோருக்கு வந்தார். ஆள் பாதியாக இருந்தார். கிணறுகள் வற்றிவிட்டன, குடிதண்ணீருக்கு லொறி கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினோம், இந்தப் பதில் வந்தது என்று ஒரு கடிதத்தை நீட்டினார். அந்தக் குடியேற்றத்தில் தண்ணீர் உண்டு என்பதைப் பாராளுமன்றக் குழுவே பார்த்து உறுதிசெய்திருப்பதால் லொறி அனுப்ப வேண்டிய அவசியம் எழவில்லை என்று அதில் இருந்தது.

என் கை வேலை என் கைக்கே வந்திருந்தது. அன்றே அவரோடு போனேன்.

வரிசையில் ஐந்து வீடு பூட்டிக் கிடந்தது. மற்றவர்கள் மூன்று மைல் போய்க் குளத்திலிருந்து வண்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏழாம் வீட்டு வாசலில் மகேஸ்வரி இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

“கிணத்தடிக்குப் போகாதேங்கோ தம்பி. மத்தியானம்.”

“ஏன் அக்கா?”

“மத்தியானத்திலை ஆரோ அள்ளுகினம். கப்பி சுத்தும். வாளி மேலை வந்து நிக்கும். வாளிக்குள்ளை ஒண்டும் இராது, ஆனால் கயிறு ஈரமாய் இருக்கும். முதல் பயந்தன். இப்ப கயித்தைப் பிழிஞ்சு பிள்ளையின்ரை நெத்தியிலை தடவிறன். காய்ச்சலுக்கு.”

நான் போய்க் கயிற்றைத் தொட்டேன். ஈரமாக இருந்தது, குளிர்ந்தும் இருந்தது. அந்த நேரம் சோளகமும் நின்றுபோயிருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேரே கந்தப்பு ஓவசியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பவுசரைச் சொன்னேன், டொக்டர் குடித்ததையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏழு புதுசாய் வெட்டின கிணறோ, பழசைத் துப்பரவாக்கிக் கல்லுக் கட்டினதோ?”

குத்தகைகாரர் வேலையை மிச்சம் பிடிக்க அங்கே கிடந்த ஒரு பழைய தூர்ந்த கிணற்றைத்தான் தோண்டிக் கட்டியிருந்தார். அது எனக்குத் தெரியும். சொன்னேன்.

“அப்ப அதுதான் இடம்,” என்றார் ஓவசியர். “அந்த மனிசி அதுக்குள்ளைதான்.”

6. நம்பப்படாத உண்மை

அன்றிரவே ரெயில் ஏறினேன். அடுத்த நாள் காலை லொபியில் டொக்டரைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், பதினொரு கிணறுகளிலும் பவுசர் தண்ணீர் ஊற்றியது நான்தான் என்றேன். அவர் முகம் கறுத்தது.

“ஏழிலையும் ஊத்தினீரோ?”

“இல்லை ஐயா. ஏழுக்கு முன்னம் பவுசர் புதைஞ்சு போச்சு. அது காய்ஞ்சு கிடந்தது.”

“காய்ஞ்சு கிடந்த கிணத்திலை நான் என்னெண்டு குடிச்சனான்?”

ஓவசியர் சொன்னதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சுகமில்லாதவர்களோடு கதைக்கிற மாதிரி மெதுவாகக் கதைத்தார்.

“இஞ்சை பாரும். நான் டொக்டர். நான் குடிச்சது தண்ணி, தந்தது ஒரு பொம்பிளை. ஏழுக்கு நீர் தண்ணி விடேல்லை எண்டால் அது அந்தக் கிணத்தின்ரை சொந்தத் தண்ணிதானே? நீர் சொல்லுறதைப் பாத்தால் அந்த இடத்திலை தண்ணி இருக்கெண்டு இன்னும் உறுதியாகுது. ஆழம் போதாது. இன்னும் தோண்டச் சொல்லி நானே எழுதுறன்.”

நான் எவ்வளவோ மன்றாடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் கலப்பில்லாத உண்மையைச் சொன்னேன், அது எடுபடவில்லை. ஹனிபா முதலாளிக்கு விஷயம் எட்டியதும், “தம்பி, நீங்க எங்க எல்லாரையும் கொண்டு போய்க் கோட்டுல நிப்பாட்டியிருப்பீங்க,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாத முடிவில் சங்கத்தை விட்டு விலகினேன்.

விலகிய கையோடு ஏழாம் வீட்டுக்குப் போனேன். டொக்டரின் கடிதம் எனக்கு முன்னரே போய்விட்டிருந்தது. கிணற்றுக் கட்டோரம் மகேஸ்வரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலாயுதம் உள்ளே இறங்கியிருந்தார்.

“இன்னும் ரெண்டு முழம் தோண்டினால் வருமாம்,” என்றார் மகேஸ்வரி. “பெரியவரே எழுதியிருக்கிறார்.”

மேலே கட்டிய கல்லுக்குக் கீழே பக்கச் சுவர் வெறும் மண். அதிலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் கிணற்றுக் கட்டின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே கத்தினேன்.

“அண்ணை, ஏறி வாங்கோ! தண்ணி இல்லை! நான் பொய் சொன்னனான். பவுசரிலை கொண்டுவந்து ஊத்தினது நான்தான். இங்கை கோடையிலை ஒருநாளும் தண்ணி இருக்கேல்லை!”

பிறகு கயிறு இறுகியது. நாங்கள் இருவரும் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்த வேலாயுதம் மூச்சு வாங்கிக்கொண்டு கட்டின் மேல் இருந்தார்.

“நான் இன்னும் மண்வெட்டி வைக்கேல்லை,” என்றார். “அதுக்கு முன்னமே அடியிலை ஆரோ கையாலை சுரண்டின குழி கிடக்கு. விரல் அடையாளம் புதுசாய் இருக்கு.”

மகேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

“சித்திரையிலையே என்ரை தமையன் கிளிநொச்சிக்கு வரச் சொன்னவர். நீங்கள் அண்டைக்கு ஓம் எண்டு சொன்னதை நம்பித்தான் நான் மாட்டன் எண்டனான். பிள்ளை இருவது நாளாய்க் காய்ச்சலிலை கிடக்குது.”

7. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

இப்போது இதற்கு அலுவலகம், கார், விசிட்டிங் கார்ட் எல்லாம் உண்டு என்று கேள்விப்படுகிறேன். நல்லது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சட்டத்தில் ஒரு பிரிவை எடுப்பிப்பது லேசு. திரும்ப வைப்பிக்கிறது, நீங்கள் அழுது புரண்டாலும் நடவாது. ஆகவே எடுக்க முன்னர், அதை எழுதியவனிடம் ஏன் எழுதினாய் என்று கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். பிழை விட்டுவிட்டால், உண்மையைச் சொல்ல முதலில் எங்கே போவது என்று யோசியுங்கள். நான் கொழும்புக்குப் போனேன். ஏழாம் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். போயிருந்தால் வேலாயுதம் அந்தக் கிணற்றுக்குள் இறங்கியிருக்க மாட்டார்.

அவர்கள் இரண்டு நாளில் வெளிக்கிட்டார்கள். சாமான் ஏற்ற நானும் நின்றேன். கிணற்றுக்குள் போன பெண்ணைப் பற்றி ஓவசியர் சொன்னதையும் அதற்குள் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். என்னை ஒருவரும் வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பிள்ளையை வண்டிலில் படுத்திவிட்டு, வழிக்கென்று வைத்திருந்த இரண்டு குடத்தில் ஒன்றை மகேஸ்வரி இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வேலாயுதம், “என்னப்பா செய்யிறாய்? கிளிநொச்சி போய்ச் சேருமட்டும் தண்ணி வேணும்,” என்றார்.

“அவவுக்கும் தண்ணி விடாய்க்கும்தானே,” என்றார் மகேஸ்வரி.

குடத்தைக் கிணற்றுக் கட்டின் மேல் சாய்த்து, முழுவதையும் கிணற்றுக்குள் வார்த்தார். வறண்ட அடியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்காக மூன்று பேரும் நின்றோம். சத்தம் வரவில்லை.